ஆர்.வி.யில் முழுநேர ஓய்வு வாழ்க்கை: வீட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா?

ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு ஒரு ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு வீடு போல அமைந்த வண்டி) வாங்கி, வருடம் முழுக்க அதிலேயே வாழ்ந்தபடி அமெரிக்காவைச் சுற்றலாமா? இந்தக் கேள்வி இப்போது இங்குள்ள தமிழர்களிடமும் வர ஆரம்பித்திருக்கிறது. தொண்ணூறுகளில் வேலைக்கு வந்தவர்கள் அறுபதைத் தாண்டுகிறார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு மாநிலத்தில் இருக்கிறார்கள். நாலு படுக்கையறை வீட்டில் இரண்டே பேர், மாடிக்கு யாரும் போவதே இல்லை. "வீட்டை வித்துட்டுக் கிளம்பிட்டா செலவு பாதியாயிடும்ணா. சொத்து வரி இல்ல, புல்லு வெட்டுற வேலை இல்ல" என்று ஒரு நண்பர் சொன்னார். பாதியாகாது. பலருக்குக் குறையவே குறையாது. அதற்காக இந்த ஆசையை விட்டுவிடச் சொல்ல மாட்டேன், நல்ல ஆசைதான். செலவு குறையும் என்று நம்பி இதில் இறங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

எந்த வண்டி வாங்குவது என்பதில்தான் எல்லோரும் முதலில் போய் விழுகிறார்கள். எனக்கு அது இரண்டாவது கேள்வி. இருக்கும் வீட்டை என்ன செய்வது என்பதே முதல் கேள்வி. ஆர்.வி. வாழ்க்கை என்றைக்காவது ஒரு நாள் முடியும். முழங்கால் வலி வரும், இரவில் வண்டி ஓட்டக் கண் ஒத்துழைக்காது, பேரக்குழந்தை பிறக்கும், அல்லது இருவரில் ஒருவர் தனியாவார். அன்று திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறதா, இல்லையென்றால் அன்றைய விலையில் ஒன்றை வாங்க முடியுமா என்பதைப் பொறுத்துத்தான் இந்த முடிவு லாபமா நட்டமா என்பது தெரியும். ஆகவே வீட்டிலேயே இருப்பது, வீட்டை விற்றுவிட்டுக் கிளம்புவது, வாடகைக்கு விட்டுக் கிளம்புவது ஆகிய மூன்றையும் முதலில் ஒப்பிடுகிறேன். வருடத்தில் சில மாதம் மட்டும் போய்வரும் வழிகளைப் பின்னால் பார்க்கலாம்.

மாதக் கணக்கு

நான் வசிக்கும் டெக்சஸை வைத்தே கணக்குப் போடுகிறேன். கடன் அடைத்து முடித்த, 4 லட்சம் டாலர் பெறுமான வீடு. கணவன், மனைவி இருவருக்கும் 65 கடந்து மெடிகேர் (முதியவர்களுக்கான அரசின் மருத்துவக் காப்பீடு) இருக்கிறது. எண்கள் என் தோராயம்தான்; உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே இருந்தால் மாதம் சொத்து வரி 550, வீட்டுக் காப்பீடு 275, பராமரிப்பு 330, மின்சாரம், தண்ணீர், எரிவாயு 300. காருக்குப் பெட்ரோலும் காப்பீடுமாக 300. போன், இணையம் 180. சாப்பாடு 800. மருத்துவக் காப்பீட்டுக்கு இருவருக்குமாக 790. 2026-ல் மெடிகேர் பார்ட் பி-யின் (டாக்டர் செலவுக்கான பகுதி) அடிப்படைப் பிரீமியமே ஆளுக்கு 202.90 டாலர், அதன் மேல் மெடிகேப்பும் (மெடிகேர் கொடுக்காத பங்கை ஈடுகட்டும் தனியார் காப்பீடு) மருந்துக் காப்பீடும். மொத்தம் சுமார் 3,525 டாலர்.

இப்போது ஆர்.வி. பழைய ஃபிஃப்த் வீல் (டிரக்கில் மாட்டி இழுக்கும் பெரிய டிரெய்லர்) ஒன்று 45 ஆயிரம், அதை இழுக்கப் பழைய டிரக் ஒன்று 45 ஆயிரம், ஆக 90 ஆயிரம் ரொக்கம் என்று வைத்துக்கொள்வோம். அவசரமில்லாமல், ஓர் ஊரில் ஒரு மாதம் என்று தங்கித் தங்கிப் போகிறீர்கள். வண்டியை நிறுத்தித் தங்கும் இடத்துக்கான வாடகை மின்சாரத்தோடு 900. மாதம் 800 மைல், கேலனுக்கு 10 மைல் என்றால் எரிபொருள் சுமார் 300. வண்டிக்கும் டிரக்குக்கும் காப்பீடு 200. பழுது, டயர், பராமரிப்பு 300. புரொப்பேன் 40. போனும் சாட்டிலைட் இணையமும் 250. துணி துவைக்கவும் தபால் முகவரிக்கும் 70. சாப்பாடும் மருத்துவமும் முன்போலவே 1,590. கூட்டினால் 3,650. இதோடு வண்டியின் மதிப்பு இறங்குவதையும் சேர்க்க வேண்டும். 90 ஆயிரத்தில் பாதி ஆறு வருடத்தில் போய்விடும் என்று வைத்தால் மாதம் 625. மொத்தம் 4,275. வீட்டில் இருப்பதைவிட 750 டாலர் கூடுதல்!

இங்கேதான் வீட்டை விற்ற பணம் உள்ளே வருகிறது. 4 லட்சத்தில் விற்பனைச் செலவு 6 சதவீதம் போக 3 லட்சத்து 76 ஆயிரம். வண்டிக்கு 90 ஆயிரம் போனால் மீதி 2 லட்சத்து 86 ஆயிரம். அதை 4 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் சுமார் 950 டாலர் வரும். அதைக் கழித்தால் மாதச் செலவு 3,320-க்கு வந்துவிடுகிறது. வீட்டில் இருப்பதைவிட 200 டாலர் மிச்சம். ஆனால் அந்த வீடு உங்களிடமே இருந்திருந்தால் வருடம் 3 சதவீதம் விலை ஏறினாலும் 12 ஆயிரம் டாலர், அதாவது மாதம் ஆயிரம். அது இந்தக் கணக்கில் இல்லை. விற்றவர்கள் இழப்பது அதைத்தான். மாத பட்ஜெட்டில் எங்கும் தெரியாது, திரும்பி வந்து வீடு தேடும்போது ஒட்டுமொத்தமாகத் தெரியும்.

வாடகைக்கு விட்டால்? மாதம் 2,300 டாலர் வாடகை என்று வைப்போம். சொந்தக் குடியிருப்புக்கான சலுகை போய்ச் சொத்து வரி 600 ஆகும். காப்பீடு 275, பராமரிப்பு 330, பார்த்துக்கொள்ளும் ஏஜென்டுக்கு 230, வருடத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் மாதத்துக்கு 190. கையில் நிற்பது 675. ஆர்.வி. வாங்கச் சேமிப்பிலிருந்து எடுத்த 90 ஆயிரத்துக்கு வர வேண்டிய வட்டி மாதம் 300, அது நின்றுவிடும். ஆக, மாதச் செலவு 3,900. விற்றுவிட்டுப் போவதைவிடச் சுமார் 580 டாலர் அதிகம்.

அந்த 580 டாலர்தான் திரும்பி வருவதற்கான விலை. வீட்டின் விலை ஏறினால் அந்த ஏற்றமும் உங்களுக்கே. கொடுக்கத் தகுந்த விலை என்பது என் அபிப்பிராயம், குறைந்தபட்சம் முதல் இரண்டு மூன்று வருடங்களுக்கு. ஏன் மூன்று வருடம் என்பதற்கு வரிச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது.

மூன்று வருட ஜன்னல்

சொந்த வீட்டை விற்கும்போது வரும் லாபத்தில், சேர்ந்து வரி தாக்கல் செய்யும் தம்பதிக்கு 5 லட்சம் டாலர் வரை, தனி நபருக்கு 2.5 லட்சம் வரை மத்திய அரசின் வரி கிடையாது. நிபந்தனை, விற்கும் நாளுக்கு முந்தைய ஐந்து வருடத்தில் மொத்தம் இரண்டு வருடமாவது அந்த வீட்டில் நீங்கள் வசித்திருக்க வேண்டும். கவனித்துப் பாருங்கள்: ஐந்தில் இரண்டு போக மூன்று மீதி இருக்கிறது. பல வருடம் வாழ்ந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நீங்கள் மூன்று வருடம் வரை வெளியே இருந்து, பிறகு விற்றாலும் அந்தச் சலுகை முழுதாக உண்டு. வாடகைக்கு விட்ட காலத்தில் தேய்மானமாகக் கழித்த தொகைக்கு மட்டும் வரி வரும்.

தொண்ணூறுகளின் கடைசியிலோ இரண்டாயிரங்களின் தொடக்கத்திலோ கலிஃபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் வீடு வாங்கியவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. லாபமே பல லட்சம் இருக்கும். சலுகை வரம்பைத் தாண்டிய லாபம் அந்த வருட வருமானத்தில் சேர்ந்து, இரண்டு வருடம் கழித்து மெடிகேர் பிரீமியத்தையும் ஏற்றிவிடும் என்பதையும் அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதாவது, வீட்டை விற்பதா வேண்டாமா என்ற முடிவை மூன்று வருடம் தள்ளிப்போட சட்டமே இடம் கொடுக்கிறது. இதை ஏன் யாரும் பயன்படுத்திக்கொள்ளாமல் கிளம்புகிற மாதமே விற்றுத் தீர்க்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. பாத்திரம் பண்டத்தைக் கொடுத்து, நாற்காலி மேசையை விற்று, எல்லாவற்றையும் உதறிவிட்டுப் புறப்படுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, சரி. அந்தச் சந்தோஷம் மூன்று வருடம் கழித்தும் கிடைக்கும்.

நின்றால் மலிவு, நகர்ந்தால் செலவு

மேலே போட்ட கணக்கில் ஓர் ஊரில் ஒரு மாதம் என்று வைத்தேன். அதை மாற்றிப் பாருங்கள். மூன்று நாளைக்கு ஓர் ஊர் என்று ஓடினால், ஒரு இரவுக்கு 55 டாலர் வாடகையில் மாதம் 1,650 ஆகும். 2,000 மைல் ஓடினால் எரிபொருள் 750. இரண்டும் சேர்ந்து 2,400. முன்பு 1,200 இருந்தது. முதல் வருடம் எல்லோரும் இப்படித்தான் ஓடுவார்கள். கிராண்ட் கேன்யனையும் யெல்லோஸ்டோனையும் கிளேசியரையும் ஒரே கோடையில் பார்க்கத் தோன்றும். ஆகவே முதல் வருட பட்ஜெட்டில் கூடுதலாகப் பத்தாயிரமாவது ஒதுக்குங்கள்.

செலவைக் குறைக்கவும் வழிகள் இருக்கின்றன. 62 வயதான அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் தேசியப் பூங்காக்களின் சீனியர் பாஸ் கிடைக்கும். ஒரு முறை 80 டாலர் கட்டினால் வாழ்நாள் முழுக்கச் செல்லும். நுழைவுக் கட்டணம் இல்லை என்பதைவிட, மத்திய அரசின் பல கேம்ப்கிரவுண்டுகளில் பாதிக் கட்டணம் என்பதுதான் ஆர்.வி.காரர்களுக்குப் பெரிய உதவி. ராணுவப் பொறியாளர் படை நடத்தும் ஏரிக்கரை கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றிலும் இது செல்லும். தண்ணீர் ஓரமாக, மரநிழலில், மின்சாரத்தோடு நல்ல இடங்கள். பெரும்பாலும் 14 நாளுக்கு மேல் தங்க விடமாட்டார்கள்.

அரிசோனாவின் குவார்ட்சைட் பக்கம் போனால் இன்னும் மலிவு. அங்கே மத்திய நில நிர்வாகத் துறையின் நீண்டகாலத் தங்கல் பகுதிகளில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் தங்க பல ஆண்டுகளாக 180 டாலர்தான் வாங்கிவந்தார்கள். மாதத்துக்கு 26 டாலர்கூட ஆகாது. சில ஆயிரம் பேர் வசிக்கும் அந்தச் சின்ன ஊர் குளிர்காலத்தில் ஆர்.வி.களால் நிரம்பி வழியும். ஆனால் மின் இணைப்பு கிடையாது. தண்ணீரைப் போய்ப் பிடித்து வர வேண்டும். சோலார் தகடும் லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒழுங்காகப் போட சில ஆயிரம் டாலர் ஆகும். கோடையில் அந்தப் பாலைவனத்தில் இருக்கவே முடியாது.

வாரத்துக்கு இருபது, முப்பது மணி நேரம் வேலை பார்த்தால் இடவாடகை வாங்காமல் விடும் கேம்ப்கிரவுண்டுகளும் உண்டு. வருபவர்களை வரவேற்பது, கழிப்பறை சுத்தம் செய்வது, அடுப்புச் சாம்பலை அள்ளுவது போன்ற வேலைகள். செய்து மகிழ்ச்சியாக இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பட்ஜெட் இதை நம்பி நிற்கக் கூடாது. இடுப்பு பிடித்துக்கொள்ளும் நாள் எல்லோருக்கும் வரும்.

எந்த வண்டி

வகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிளாஸ் பி என்பது வேன். ஓட்ட எளிது, கேலனுக்கு 15 மைலுக்கு மேல் கொடுக்கும், கடைவாசலில் நிறுத்தலாம். புதிதாக வாங்கினால் ஒரு லட்சத்துக்குக் குறையாது. இரண்டு பேர் முழுநேரமாக வாழ என் பார்வையில் இடம் போதாது. கிளாஸ் சி, டிரைவர் தலைக்கு மேல் படுக்கை இருக்கும் நடுத்தர வண்டி, பழகிக்கொள்ள நல்லது. கிளாஸ் ஏ, பஸ் மாதிரி. பெரிய டீசல் வண்டிகள் புதிதில் இரண்டரை லட்சத்திலிருந்து பல லட்சம் வரை போகும். இன்ஜினும் வீடும் ஒன்று என்பதால் இன்ஜின் பழுதானால் வீடே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும், நீங்கள் ஓட்டலில் தங்க வேண்டும். இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லர் எல்லாவற்றிலும் மலிவு.

முழுநேரம் வாழ்பவர்கள் பலரும் கடைசியில் வந்து சேருவது ஃபிஃப்த் வீலுக்கு. டிரக்கின் பின்தொட்டிக்குள் கொக்கி மாட்டி இழுக்கும் வகை. உயரமான கூரை, நிஜமான சமையலறை, நின்று குளிக்கும் இடம், தனிப் படுக்கையறை எல்லாம் இருக்கும். டிரெய்லரை நிறுத்திவிட்டு டிரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.

இதில் பணத்தை விடுவது டிரக்கை வாங்கும் இடத்தில். விற்பவர் "20 ஆயிரம் பவுண்டு இழுக்கும் சார்" என்பார். இழுக்கும்தான். ஆனால் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் மஞ்சள் நிற ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் அச்சடித்திருக்கும். 'முக்கால் டன்' என்று பெயர் சொல்லும் வகை டீசல் டிரக் ஒன்றில் அது 2,300 பவுண்டு என்று வைப்போம். ஃபிஃப்த் வீலின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் டிரக்கின் முதுகில்தான் உட்காரும். 14 ஆயிரம் பவுண்டு டிரெய்லர் என்றால் 2,800. நீங்கள் இருவரும் ஏறும் முன்பே வரம்பு தாண்டிவிட்டது. பிரேக், டயர், சஸ்பென்ஷன் எல்லாவற்றுக்கும் ஆபத்து. விபத்து நடந்தால் வழக்கிலும் சிக்கல் வரும். ஆகவே டிரெய்லரை முதலில் தேர்ந்தெடுத்து, அதன் எடைக்கு ஏற்ற டிரக்கைப் பிறகு தேடுங்கள். பெரும்பாலும் பின்னால் நாலு சக்கரம் உள்ள 'ஒரு டன்' வகை டிரக்கில் போய் நிற்கும்.

டிரெய்லருக்குள் ஏற்றுவதற்கும் வரம்பு உண்டு. தண்ணீர் மட்டுமே கேலனுக்கு 8.3 பவுண்டு, 60 கேலன் டேங்க் நிரம்பினால் 500 பவுண்டு. வெட் கிரைண்டர், இட்லிக் குண்டான், வெண்கலப் பானை, 20 பவுண்டு அரிசிப் பை, புத்தகப் பெட்டி என்று நம் வீட்டுச் சாமான்கள் கனமானவை. எல்லாவற்றையும் எடைபோட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

எவ்வளவு பெரியது என்பதிலும் யோசனை வேண்டும். மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் மலையைக் குறுக்காகக் கடக்கும் 'கோயிங் டு த சன்' சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை. தேசியப் பூங்காக்களின் கேம்ப்கிரவுண்டுகள் பல, பெரிய வண்டிகள் வருவதற்கு முன்பே கட்டப்பட்டவை. 40 அடி வண்டி வாங்கியவர் பூங்காவுக்கு வெளியே தனியார் இடத்தில் அதிக வாடகை கொடுத்துத் தங்கித்தான் உள்ளே போய்வர வேண்டியிருக்கும்.

புதியதா பழையதா என்றால் பழையதுதான். கோவிட் காலத்தில் எல்லோரும் ஆர்.வி. வாங்கக் கிளம்பியதில், 2021-ல் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல் வண்டிகள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே போயின. 2023-ல் அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அந்த அவசரத்தில் செய்த வண்டிகள் இப்போது பழைய சந்தையில் நிறைய வருகின்றன. அவற்றைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். ஆர்.வி.யைக் கொல்வது தண்ணீர். கூரை ஓரங்களிலும் ஏ.சி., காற்றுத் துளைகளைச் சுற்றியும் பூசியிருக்கும் சீலன்ட் வெடித்தால் மழைநீர் சுவருக்குள் இறங்கும், வெளியே தெரியாது. பக்கச் சுவரில் வெயில் சாய்வாக விழும்போது நின்று பாருங்கள். உப்பலாகத் தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. ஆர்.வி. டயர்கள் தேய்ந்து போவதற்கு முன் வயதாகிப் போகும். ஆறேழு வருடம் தாண்டியிருந்தால் பூப்போல இருந்தாலும் மாற்ற வேண்டும். பெரிய கிளாஸ் ஏ-வுக்கு ஆறு டயரும் மாற்ற மூவாயிரம், நாலாயிரம் டாலர் ஆகிவிடும். வாங்குவதற்கு முன் விற்பவருக்குச் சம்பந்தமில்லாத இன்ஸ்பெக்டர் ஒருவரை வைத்துப் பார்க்கச் சில நூறு டாலர் செலவழியுங்கள்.

இன்னொன்று, பத்து வருடத்துக்கு மேல் பழைய வண்டிகளைச் சில தனியார் ஆர்.வி. பார்க்குகள் சேர்த்துக்கொள்வதில்லை.

உள்ளே வாழ்வது

சாதாரண ஆர்.வி. இணைப்பு 30 ஆம்பியர். 120 வோல்ட்டில் அது 3,600 வாட். ஜூலை மாத மத்தியானம் ஏ.சி. 1,500 வாட் இழுத்துக்கொண்டிருக்கும். இண்டக்‌ஷன் அடுப்பை முழுச் சூட்டில் வைத்தால் 1,800. பக்கத்தில் மிக்ஸியைப் போட்டால் பிரேக்கர் விழும். சட்னி அரைக்கும்போது அடுப்பை அணைப்பது, அரிசி வேகும்போது மைக்ரோவேவைத் தொடாமல் இருப்பது என்று சமையலையே வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். பெரிய வண்டிகளில் 50 ஆம்பியர் இருக்கும். அதில் இந்தத் தொல்லை இல்லை. கேஸ் அடுப்பில் தாளித்தால் கடுகு வெடிக்கும் முன் புகை அலாரம் கத்தும். மெத்தை, திரை, துணி அலமாரி எல்லாம் இருபது அடிக்குள் இருப்பதால் தாளிப்பு வாசனை இரண்டு நாள் போகாது. தாளிப்பும் பொரிப்பும் வெளியே மேசை போட்டு வைத்துக்கொள்வதுதான் வழி, காற்றடிக்காத நாளில்.

கழிவுநீர் வேலையும் ஒருவர் செய்தே ஆக வேண்டும். கையுறை மாட்டி, குழாயை வண்டியிலும் தரைத் துளையிலும் இறுக்கி, கழிப்பறை டேங்கை முதலில் திறந்து, அது வடிந்த பிறகு குளியல், பாத்திரத் தண்ணீர் டேங்கைத் திறந்து குழாயை அலசி, மூடி, கழற்றி, கழுவி வைக்க வேண்டும். பழகினால் பத்து நிமிட வேலைதான். மழையிலும் செய்ய வேண்டும், முதுகு வலிக்கும் நாளிலும் செய்ய வேண்டும். இதையும், டிரெய்லர் மாட்டிக் கழற்றுவதையும், வண்டி ஓட்டுவதையும் கணவன் மனைவி இருவருமே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நம் குடும்பங்களில் இதெல்லாம் ஐயா வேலை என்று விட்டுவிடுவோம். கணவர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் படுத்தால், தெரியாத ஊரில் 30 அடி வண்டியோடு மனைவி தனியாக நிற்க வேண்டியிருக்கும்.

பிள்ளைகள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் முதலில் அந்தக் குடியிருப்பின் விதிகளைக் கேளுங்கள். எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) உள்ள புறநகர்கள் பலவற்றில் டிரைவ்வேயில் ஆர்.வி. நிறுத்த விடமாட்டார்கள்.

மருத்துவம்

65 ஆகாதவர்கள் முழுநேரமாகக் கிளம்புவதை நான் ஆதரிப்பதில்லை. அந்த வயதுக்கு முன் தனியாக வாங்கும் காப்பீடுகள் பெரும்பாலும் ஒரு மாநிலத்தின், சில சமயம் சில கவுன்டிகளின் டாக்டர்களோடு நின்றுவிடும். எல்லை தாண்டினால் அவசர சிகிச்சை மட்டும்தான் கிடைக்கும்.

65-க்குப் பிறகு நிலைமை நல்லது, சரியானதைத் தேர்ந்தெடுத்திருந்தால். அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேரும் அதோடு மெடிகேப்பும் இருந்தால், மெடிகேர் எடுத்துக்கொள்ளும் எந்த மாநில டாக்டரிடமும் போகலாம். பல் காப்பீடும் ஜிம் சலுகையும் காட்டித் தனியார் நிறுவனங்கள் விற்கும் மெடிகேர் அட்வான்டேஜில் பல திட்டங்கள் உள்ளூர் டாக்டர் வட்டத்துக்குள்தான் செல்லும். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. பார்ட் பி தொடங்கி ஆறு மாதத்துக்குள் மெடிகேப் கேட்டால் எந்த நோய் இருந்தாலும் கொடுத்தாக வேண்டும். அந்தக் காலம் தாண்டிவிட்டால் பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையைப் பார்த்து மறுக்கலாம். சர்க்கரையும் இதய நோயும் நம்மவர்களிடம் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். ஆர்.வி. கனவு மனதில் மூலையிலாவது இருந்தால், 64 வயதில் எடுக்கும் இந்த முடிவை அதற்கு ஏற்றபடி எடுங்கள்.

சட்டப்படி எந்த மாநிலத்தவர் என்பதற்கும் முகவரி வேண்டும். வீட்டை விற்றவர்கள் பலரும் மாநில வருமான வரி இல்லாத டெக்சஸ், ஃப்ளோரிடா, சவுத் டக்கோட்டா மூன்றில் ஒன்றில் தபால் முகவரிச் சேவை எடுத்துக்கொள்கிறார்கள். டெக்சஸின் லிவிங்ஸ்டனில் இருக்கும் எஸ்கேப்பீஸ் கிளப் 1978-ல் தொடங்கியது. அதன் முகவரியில் ஏராளமான ஆர்.வி.காரர்கள் ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கிறார்கள். வீட்டை வைத்துக்கொண்டே கிளம்புகிறவர்களுக்கு இந்த வேலை பெரும்பாலும் மிச்சம்.

சில மாதம் மட்டும்

வீட்டைப் பூட்டிவிட்டு வருடம் மூன்று, நாலு மாதம் போய்வருவது இன்னொரு வழி. பணக் கணக்கில் இதுதான் அதிகச் செலவு, ஏனென்றால் வீட்டுச் செலவு ஒரு பைசா குறையாது. ஆனால் இதற்குச் சொந்த வண்டி வேண்டும் என்பதில்லை. வாடகை கிளாஸ் சி ஒரு நாளைக்கு 150 முதல் 250 டாலர் வரை ஆகும். மாதக்கணக்கில் எடுத்தால் குறைத்துக் கேட்கலாம். வருடத்துக்கு ஆறு வாரம் என்றால் வாடகைதான் லாபம். மீதி நாட்களில் நிறுத்துமிடமும் காப்பீடும் தேய்மானமும் உங்கள் தலையில் இல்லை.

குளிருக்காக மட்டும் ஓடுபவர்கள் தெற்கு டெக்சஸின் மெக்காலன், மிஷன், வெஸ்லாக்கோ பக்கங்களைப் பாருங்கள். மினசோட்டாவிலிருந்தும் அயோவாவிலிருந்தும் வருடா வருடம் வருபவர்களுக்கு அங்கே 'வின்டர் டெக்சன்' என்றே பெயர். 55 வயது தாண்டியவர்களுக்கான பார்க்குகளில் 400 சதுர அடிக்குள் அடங்கும் பார்க் மாடல் வீடுகள், பழையதாக, சில பத்தாயிரம் டாலருக்குக் கிடைக்கும். ஓட்ட வேண்டாம், டேங்க் காலி செய்ய வேண்டாம். நகர்வதில் ஆசை இல்லாமல் இதமான வெயிலும் பேச்சுத்துணையும் வேண்டும் என்பவர்களுக்கு ஆர்.வி.யைவிட இது பொருத்தம்.

குளிர்காலத்தைத் தமிழ்நாட்டில் கழித்துவிட்டு மற்ற மாதங்களில் ஆர்.வி. என்று திட்டமிடுபவர்களும் இருக்கிறார்கள். அங்கே மெடிகேர் செல்லாது. மெடிகேப்பில் பிளான் ஜி போன்ற சிலவற்றில் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு முதல் 250 டாலரை நீங்கள் கட்டிய பிறகு 80 சதவீதம் கிடைக்கும். அதுவும் பயணத்தின் முதல் 60 நாளுக்கு மட்டும், வாழ்நாள் உச்சவரம்பு 50 ஆயிரம் டாலர். அதற்கு மேல் இருந்தால் அங்கே தனிக் காப்பீடு வேண்டும். நிறுத்திவைத்த வண்டியின் குழாய்களில் தண்ணீர் வடித்து உறைநிலைத் தடுப்பு திரவம் ஊற்றாமல் விமானம் ஏறாதீர்கள்.

எனக்குத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் வாடகை வண்டி, இதமான அக்டோபரில் அல்ல, ஆகஸ்ட்டில், மூன்று வாரமாவது. அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் பழைய ஃபிஃப்த் வீல், கடன் வாங்காமல். வீட்டில் ஓர் அறையில் முக்கியமான சாமான்களைப் பூட்டி வைத்துவிட்டு மீதியை வாடகைக்கு விடுங்கள், அல்லது சாமான்களைக் கிடங்கில் போடுங்கள். வீட்டைவிட்டு வெளியேறிய தேதியை எழுதி வையுங்கள், ஏனென்றால் வரிச் சலுகைக்கான கடிகாரம் அன்றிலிருந்து ஓடுகிறது. மூன்று வருடம் முடியும் முன் பத்திரம் கைமாறியிருக்க வேண்டும். வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்லி, வெள்ளையடித்து, விற்பனைக்குப் போட்டு முடிக்க ஆறு மாதம் வைத்துக்கொண்டால், இரண்டரை வருடத்தில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருக்க வேண்டும்.